பிங் 40, பழி முழுக்க அதன் மேல்

நகரி, ஏகாம்பரகுப்பம், பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை என்று இந்தத் தமிழ்நாடு-ஆந்திர எல்லைப் பக்கத்தில் வாலரன்ட் (ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் துப்பாக்கிச் சண்டை கேம்) ஆடுகிற பையன்களிடம் போய், "ஏம்பா, இவ்வளவு நாளா சில்வர்லயே நிக்கிற?" என்று கேட்டுப் பாருங்கள். சில்வர் என்பது அந்த கேமின் கீழ்மட்ட ரேங்க்களில் ஒன்று. பிங் சரியில்லை, டீம் சரியில்லை, மவுஸ் சரியில்லை. இந்த மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும். மூன்றுமே சில நாட்களில் உண்மையாக இருக்கும். ஆனால் மூன்றிலும் நம் கை, நம் முடிவு எதற்கும் வேலையே இல்லை. அதனால்தான் அவை சொல்ல அவ்வளவு சுகமாக இருக்கின்றன. எப்படிச் செத்தோம் என்று பார்க்காமல் ஆயிரம் மேட்ச் ஆடினால் பழைய தவறுதான் இன்னும் நன்றாகப் பழகும்.

பிங்கை முதலில் பேசித் தீர்த்துவிடலாம். நம்மிடமிருந்து கேம் சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரம்தான் பிங், மில்லி செகண்டில் காட்டும்.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சர்வர் மும்பையில். நம் பக்கத்திலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 1000 கிலோமீட்டர். போய்வர 10 மில்லி செகண்ட் ஆகியே தீரும், அதை எந்த இன்டர்நெட் பிளான் போட்டாலும் குறைக்க முடியாது. கேபிள் நேராகவும் போவதில்லை, நடுவில் பல கருவிகளைத் தாண்டித்தான் போகிறது. ஆகவே 30, 40 என்று காட்டினால் அது நல்ல பிங். அதையும் குறைக்கிறேன் என்று வி.பி.என்னுக்கு (இணையத் தகவலை இன்னொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) காசு கட்டுபவர்கள் பெரும்பாலும் வழியை நீட்டிக்கொள்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது அந்த எண் நிலையாக நிற்கிறதா என்பதை. 40லேயே நின்றால் கை பழகிக்கொள்ளும். 30க்கும் 150க்கும் குதித்தால் யாராலும் ஆட முடியாது. அப்படிக் குதிப்பதற்குக் காரணம் பல நேரம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். இரண்டு சுவர் தாண்டி ரவுட்டர், அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் நெருக்கியடிக்கும். ஒரு லேன் கேபிள் போட்டால் போதும். தறி ஓடும் தெருவில் இன்னொரு தொல்லை உண்டு. மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பும்போது வோல்டேஜ் இறங்கும். விளக்கு லேசாகக் கண் சிமிட்டும், ரவுட்டரோ அணைந்து மறுபடி முதலிலிருந்து எழும். அதற்குள் இரண்டு ரவுண்டு போயிருக்கும். ரவுட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ் கடையில் கிடைக்கிறது, மவுஸ் மாற்றுவதற்கு முன் அதை வாங்கலாம். போனில் பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு) ஆடுபவர்களுக்கு டவர் பிரச்சினை. எல்லையோரத்தில் போன் ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், ஒரு நேரம் ஆந்திரா டவரைப் பிடிக்கும். மாறுகிற அந்த நொடியில் எதிரி சுவருக்குள் நடப்பான். வீட்டில் சிக்னல் மாறாத ஒரு மூலையைக் கண்டுபிடித்து அங்கேயே உட்காருவதுதான் மலிவான வழி.

இதையெல்லாம் சரி செய்துவிட்டு, 40 பிங்கைத் திட்டிக்கொண்டே காதில் புளூடூத் இயர்போனை மாட்டியிருப்பவர்கள் இருக்கிறார்கள். சாதாரண புளூடூத்தில் சத்தம் காதுக்கு வர 150, 200 மில்லி செகண்ட் கூடத் தாமதமாகும். எதிரியின் காலடிச் சத்தம் கேட்கும்போது அவன் திருப்பத்தைத் தாண்டியிருப்பான். வயர் இயர்போன் போடுங்கள்.

இப்போது டீம். செஸ் ஆடியவர்களுக்கு ஈலோ ரேட்டிங் தெரிந்திருக்கும். அர்பாட் ஈலோ என்ற பேராசிரியர் வகுத்தது, உலக செஸ் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. சம ரேட்டிங் உள்ள இருவர் ஆடினால் இருவருக்கும் பாதிப் பாதி வாய்ப்பு என்பது அதன் அடிப்படை. இன்றைய கேம்களின் மேட்ச் மேக்கிங்கும் அந்த யோசனையின் பேரப்பிள்ளைதான். உங்களுக்கு நிகரானவர்களோடு சேர்க்கும்போது இரண்டில் ஒன்று தோற்பது இயல்பு. தோற்றாலே ஏதோ அநியாயம் நடந்ததாக நினைக்க வேண்டாம். உங்கள் பக்கம் முன்பின் தெரியாதவர்கள் நான்கு பேர், எதிர்ப்பக்கம் ஐந்து பேர். உருப்படாத ஆள் வந்து சேர அங்கேதான் ஓர் இடம் கூடுதல். ஒரு மேட்சில் டீம் உங்களைக் கவிழ்க்கலாம், நூறு மேட்சில் கவிழ்க்க முடியாது.

எதிரில் ஆடுகிறவனெல்லாம் ஹேக் (ஏமாற்றி ஆட உதவும் மென்பொருள்) போடுகிறான் என்பதும் இதே வகைப் பேச்சு. ஹேக் போடுபவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சில்வரில் நம்மைச் சுட்டவன் பெரும்பாலும் நாம் வருகிற சத்தத்தைக் கேட்டுச் சுட்டவன்தான்.

சரி, ஒரு சாவைப் பக்கத்திலிருந்து பார்ப்போம்

வாலரன்டின் அசென்ட் மேப். நம் டீம் டிஃபென்ஸ், அதாவது எதிரிகள் ஸ்பைக் என்ற குண்டை வைக்க வரும் சைட்டுகளைக் காக்கும் பக்கம். நீங்கள் பி சைட்டில் தனியாக இருக்கிறீர்கள், இன்னொருவர் மார்க்கெட் பக்கம். எதிரிகள் வரும் வழியான பி மெயினில் காலடிச் சத்தம். "எத்தனை பேர்னு பாத்துடலாம்" என்று பெட்டி மறைவை விட்டு வெளியே ஓடுகிறீர்கள். எதிரே ஒருவன். ஓடிக்கொண்டே சுடுகிறீர்கள், குண்டுகள் அவனைச் சுற்றிச் சுவரில் பதிகின்றன. அவன் நின்று ஒன்றே ஒன்று சுடுகிறான், முடிந்தது. நாலுக்கு ஐந்து. அடுத்து நீங்கள் சொல்வது, "எய்ம் வரல மச்சி."

எய்ம் கடைசியில் வருகிற பிரச்சினை. அதற்கு முன் மூன்று தவறு நடந்துவிட்டது. சைட்டைக் காக்க வேண்டிய நீங்கள் தகவலுக்காக உயிரைக் கொடுத்தீர்கள். நீங்கள் விழுந்தால் பதிலுக்குச் சுட்டு டிரேட் எடுக்க வேண்டியவர் மார்க்கெட்டில் இருக்கிறார், வந்து சேர்வதற்குள் கொன்றவன் மறைந்துவிடுவான். அப்புறம், ஓடிக்கொண்டே சுட்டது.

இந்த மூன்றாவது பழக்கம் பலருக்குப் போனிலிருந்து வந்தது. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடைபட்டது. பிஜிஎம்ஐ 2021 ஜூலையில் வந்தது, 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்பியது. இந்த இடைவெளிகளில் சலித்துப்போய் பி.சி. பக்கம் வந்தவர்கள் ஏராளம். போனில், குறியைத் தானாகச் சரிசெய்ய உதவும் எய்ம் அசிஸ்ட் கைகொடுக்கும், நகர்ந்துகொண்டே சுடுவது உயிரைக் காக்கும். வாலரன்டிலும், அதே வகை கேமான கவுன்டர் ஸ்ட்ரைக் 2இலும் ஓடும்போது விடுகிற குண்டு குறி பார்த்த இடத்துக்குப் போகாது. நின்ற பிறகுதான் சுட வேண்டும். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் எதிர்ப்பக்க விசையை ஒரு தட்டுத் தட்டி நிற்பதையே தனியாகப் பழக வேண்டியிருக்கும்.

நான்காவதாக ஒன்றும் உண்டு, ரீப்ளே பார்த்தால்தான் அது தெரியும். கிராஸ்ஹேர் (திரை நடுவில் தெரியும் குறி) எதிரியின் தலை உயரத்தில் இல்லை, இடுப்புக்குக் கீழே, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதற்குக் கணக்குப் போடலாம். வாலரன்டில் கனமான ஷீல்டு வாங்கியவனுக்கு மொத்த உயிர்ப்புள்ளி 150. வாண்டல் துப்பாக்கியின் குண்டு தலையில் பட்டால் 160 குறையும், ஒரே குண்டு போதும். உடம்பில் பட்டால் 40, நான்கு குண்டு வேண்டும். வாண்டல் நொடிக்கு 9.75 குண்டு சுடும் துப்பாக்கி. முதல் குண்டுக்கும் நான்காவது குண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 300 மில்லி செகண்ட் போகிறது. 40 பிங்குக்காகக் கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டு, 300ஐக் கிராஸ்ஹேர் உயரத்தில் தொலைக்கிறோம். அதைச் சரிசெய்ய ஒரு ரூபாய் செலவில்லை. நடக்கும்போதே அடுத்த திருப்பத்தில் ஒருவன் நின்றால் தலை எங்கே இருக்குமோ அங்கே குறியை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே தினம் ஒரு தோற்ற மேட்சை எடுத்து உங்கள் சாவுகளை மட்டும் பாருங்கள். முழு மேட்சும் வேண்டாம், தூக்கம் வந்துவிடும். கேமிலேயே ரீப்ளே இருந்தால் அது, இல்லாவிட்டால் போனின் ஸ்கிரீன் ரெக்கார்டர். எங்கே செத்தேன், அங்கே ஏன் போனேன், உதவிக்கு எட்டும் தூரத்தில் யார் இருந்தார்கள் என்ற மூன்றை ஒரு நோட்டில் எழுதினால் போதும். ஐந்தாறு மேட்சுக்குள் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். அடுத்த வாரம் முழுக்க அந்த ஒன்றை மட்டும் திருத்துங்கள். மொத்தமாகத் திருத்தப் போனால் ஆட்டமே கையில் நிற்காது.

காசு விஷயம்

வாலரன்டில் பலர் கவனிக்காத தோல்வி இங்கேதான் இருக்கிறது. ஆயுதம் வாங்க கேம் தரும் காசுக்குப் பெயர் கிரெடிட். முதல் பிஸ்டல் ரவுண்டில் கையிலிருக்கும் 800ஐ எல்லோரும் செலவழிக்கிறோம். தோற்றால் 1900 கிரெடிட் வரும். கை அரிக்கும், 1600க்கு ஸ்பெக்டர் துப்பாக்கி வாங்கத் தோன்றும். வாங்கி மறுபடி தோற்றால் மிச்சம் 300, இரண்டாவது தோல்விக்கு 2400, ஆக 2700. வாண்டல் 2900. வாங்க முடியாது. அதே 1900ஐத் தொடாமல் வைத்திருந்தால் மூன்றாவது ரவுண்டில் 4300. வாண்டல், 1000க்குக் கனமான ஷீல்டு, போக 400 மிச்சம். ஒரு கில்லுக்கு 200 தனி, அது போனஸ். ஒரு ரவுண்டின் ஆசை அடுத்த ரவுண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறது.

வாங்கவே கூடாது என்பதல்ல. ஐந்து பேரும் சேர்ந்து ஸ்பெக்டர் எடுத்து ஒரு சைட்டுக்குள் பாய்ந்தால் சில நேரம் ஜெயிக்கும். இருவர் வாங்கி மூவர் சேமிக்கும் ரவுண்டுதான் இரண்டுங்கெட்டான். வாங்கும் நேரத்தில் திரையில் தெரியும் மற்றவர்களின் கிரெடிட்டை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

மவுஸ்

இரண்டு மேட்ச் தோற்றால் சென்சிட்டிவிட்டி (மவுஸை நகர்த்தினால் கேமில் எவ்வளவு திரும்பும் என்ற அளவு) மாற்றுவது ஒரு வியாதி. யூடியூபில் யாரோ பெரிய பிளேயர் 0.35 வைத்திருக்கிறார் என்று அதை அப்படியே போடுகிறார்கள், டிபிஐ (ஓர் அங்குல நகர்வை மவுஸ் எத்தனை புள்ளியாக எண்ணும் என்பது) என்ன என்று பார்ப்பதில்லை. 800 டிபிஐயில் 0.35 என்றால் வாலரன்டில் ஒரு முழு வட்டம் திரும்ப மவுஸை ஏறக்குறைய 47 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். 1600 டிபிஐயில் அதே 0.35க்கு அதில் பாதி போதும். எண் ஒன்று, கை உணர்வு வேறு. இன்னொன்று, கேமிங் சென்டர் மேசையில் கீபோர்டு போக மிஞ்சும் இடத்தில் 47 சென்டிமீட்டர் எங்கே இருக்கிறது? உங்கள் மேசைக்கு ஒத்துவருவதை வைத்துக்கொண்டு ஒரு மாதமாவது தொடாதீர்கள். சென்டரில் ஆடுபவர்கள் உட்கார்ந்ததும் மவுஸின் டிபிஐயைச் சரிபார்க்க வேண்டும். முன்னால் ஆடியவன் பொத்தானைத் தட்டிவிட்டுப் போயிருப்பான். போனில் பட்டன் இடங்களை வாரம் ஒருமுறை மாற்றுபவர்களுக்கும் இதையேதான் சொல்ல வேண்டும்.

மைக்

தறிச் சத்தத்தை நாம் கேட்பதே இல்லை, பிறந்ததிலிருந்து பழகிய சத்தம். மைக்கைத் திறந்தே வைத்தால் மும்பை சர்வரில் இருக்கும் மற்ற நால்வருக்கும் அது மட்டும்தான் கேட்கும். எதிரியின் காலடி கேட்காமல் ஒருவன் சாவான், அடுத்து உங்களை மியூட் செய்வான். பட்டனை அழுத்தினால் மட்டும் பேசும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன பேசுவது என்பது அதைவிடப் பெரிய குறை. "டேய் அங்க இருக்கான், அங்க அங்க!" என்று கத்தினால் பக்கத்து நாற்காலியில் இருப்பவனுக்கே புரியாது. "பி மெயின், ரெண்டு பேர், ஒருத்தனுக்கு 84" என்றால் தமிழ் தெரியாதவனுக்கும் பாதி புரியும். இடம், எண்ணிக்கை, அடி, அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கடைசியாக ஒருவன் உயிரோடு நின்று எதிரி வைத்த ஸ்பைக்கைச் செயலிழக்கச் செய்ய 7 செகண்ட் தேடிக்கொண்டிருக்கும்போது, செத்துப்போன நால்வரும் நான்கு விதமாக யோசனை சொல்வதைப் போல் கொடுமை வேறில்லை.

எப்போது நிறுத்துவது

ராத்திரி 12 மணிக்கு, "ஒரே ஒரு வின், அதோட தூங்கிடலாம்" என்று கியூ போடுகிறவர் ஜெயித்துவிட்டுத் தூங்குவது அபூர்வம். தோற்ற கோபத்தில் ஆடும்போது முதலில் போவது பொறுமை. பெட்டி மறைவில் நிற்க வேண்டியவன் மறுபடி பி மெயினுக்குள் ஓடுவான். தொடர்ந்து இரண்டு தோற்றால் ரேங்க் மேட்சை அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஆடியே ஆக வேண்டுமென்றால் டெத்மேட்ச் ஆடலாம், அங்கே இழப்பதற்கு ரேங்க் புள்ளி இல்லை. குறி பார்க்கப் பழகும் மென்பொருளான எய்ம் டிரெய்னரில் மணிக்கணக்காக உருண்டைகளைச் சுடுவதும் ஓர் அளவோடு போதும். கை சூடாக 15, 20 நிமிடம். உருண்டை திருப்பிச் சுடாது, ஸ்மோக்குக்குப் பின்னால் ஒளியாது.

காசு கொடுத்து வேறொருவனை ஆடச் சொல்லி ரேங்க் ஏற்றுவது, ஏற்றிய அக்கவுன்டை வாங்குவது இரண்டும் பணத்தை வீணாக்கும் வேலை. பிடிபட்டால் அக்கவுன்ட் போய்விடும், பிடிபடாவிட்டால் மேல் ரேங்க்கான பிளாட்டினம் ஆட்களிடம் சில்வர் கையோடு தினமும் அடி வாங்க வேண்டும். ஹேக் விஷயத்தில் சென்டர்காரர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். வாலரன்டின் ஹேக் தடுப்பு மென்பொருளான வேன்கார்டு சில நேரம் அக்கவுன்டோடு நிற்பதில்லை, அந்தக் கம்ப்யூட்டரையே தடை செய்துவிடும். ஒருவன் போட்ட ஹேக்கால் அந்த நாற்காலியில் அடுத்து உட்காரும் எவனும் ஆட முடியாமல் போகும். எனவே தெரியாத ஆள் பென் டிரைவோடு வந்தால் முதலில் அதை வாங்கி மேசை டிராயரில் போட்டுவிட்டு, பிறகு சிஸ்டத்தைக் கொடுங்கள்.