போன் சிம்மை எடுக்கவில்லையா? புதுசு வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

போன மாதம் பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து ஓர் அக்கா என் செல்போன் சர்வீஸ் கடைக்கு வந்தார். கடல்பாசி எடுக்கப் போகிறவர். பாலிதீன் பையிலிருந்து போனை உருவி மேசையில் வைத்து, "தம்பி, சிம்மு செத்துப்போச்சு. புதுசு ஒண்ணு போட்டுக் குடு" என்றார். திரையின் மேலே ‘நோ சிம்’ என்று இருந்தது. குழுக்கடன் தவணைச் செய்தி, வங்கி ஓடிபி, திருப்பூரில் வேலை பார்க்கும் மகளின் அழைப்பு எல்லாமே அந்த ஒரே நம்பருக்குத்தான் வரும். மூன்று நாளாக எதுவும் வரவில்லை.

ஊசியை வைத்து, சிம் உட்காரும் தட்டை வெளியே எடுத்தேன். ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சிம்மின் தங்கநிறச் சில்லில் ஒரு மூலையில் மட்டும், கடுகில் பாதி அளவுக்குப் பச்சைக் களிம்பு. துடைத்துப் போட்டேன். கால் மணி நேரத்தில் டவர் வந்துவிட்டது. பழைய சிம், பழைய நம்பர். அக்கா அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டார்.

பாம்பனில் 14 வருடமாகச் செல்போன் சர்வீஸ் செய்கிறேன். ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல். வாடை அடித்தாலும் உப்பு, சோழகம் அடித்தாலும் உப்பு. மண்டபம், தங்கச்சிமடம், ராமேசுவரம் எங்கிருந்து வந்தாலும் "சிம் எடுக்கலை" என்று என் மேசைக்கு வரும் போன்களில் பெரும்பாலானவற்றில் சிம் நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் புது சிம்முக்கு வரிசையில் நிற்கும் முன் வீட்டிலேயே செய்யக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று சரியாகப் படியுங்கள். ‘நோ சிம்’ என்றால் போனுக்குச் சிம் இருப்பதே தெரியவில்லை. ‘இன்வாலிட் சிம்’ என்றால் சிம் தெரிகிறது, ஆனால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ‘நோ சர்வீஸ்’, ‘எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி’ என்று வந்தால் பெரும்பாலும் டவரோடு சேருவதில்தான் தகராறு. நம் பக்கத்தில் இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். தனுஷ்கோடி முனைக்குப் போனால் இலங்கை டவர் போனில் ஏறிவிடும், வரவேற்புச் செய்திகூட வரும். அங்கே பயந்துபோய் நெட்வொர்க்கை ‘மேனுவல்’ ஆக்கி எதையோ தேர்ந்தெடுத்துவிட்டு, ஊர் திரும்பியதும் டவர் இல்லை என்று சிம்மைக் கழற்றி மாட்டுகிறவர்கள் உண்டு. செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய், நெட்வொர்க் தேர்வை மறுபடி ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கினால் போதும்.

‘நோ சிம்’தான் என்றால், ஃபிளைட் மோடை அரை நிமிடம் போட்டு எடுங்கள். அப்புறம் ஒருமுறை ரீஸ்டார்ட். இரண்டு சிம் போன் என்றால், செட்டிங்ஸில் அந்தச் சிம் அணைந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளைகள் கையில் போன் போனால் இது நடக்கும். சிம்மின் பூட்டு எண்ணான ‘பின் நம்பர்’ (PIN) கேட்டால் ஊகித்து அடிக்காதீர்கள். 3 முறை தப்பானால், அந்தப் பூட்டைத் திறக்கும் பியூகே எண்ணைக் கேட்கும். பியூகேயை 10 முறை தப்பாக அடித்தால் அந்தச் சிம் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். பியூகே எண்ணைச் சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டு வாங்கலாம்.

இதிலெல்லாம் சரியாகவில்லையா, தட்டை வெளியே எடுக்க வேண்டியதுதான். போனை அணைத்துவிடுங்கள். ஊசி குத்தும் துளை எது என்று நன்றாகப் பாருங்கள். சிம் தட்டின் மேலேயே இருக்கும் துளையில்தான் குத்த வேண்டும். அதைப்போலவே சின்னதாக இன்னொரு துளை போன் விளிம்பில் இருக்கும், அது மைக். அதில் குத்தி, பேசினால் எதிராளிக்குக் கேட்காத போனாக ஆக்கிக் கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊசி நேராக உள்ளே போக வேண்டும். தட்டு பாதி வந்து சிக்கினால் குறடு போட்டு இழுக்காதீர்கள். உள்ளே இருக்கும் பின்களைப் பிய்த்துக்கொண்டு வரும்.

தட்டு கைக்கு வந்ததும், வெளிச்சத்தில் சிம்மைத் திருப்பிப் பாருங்கள். அந்தத் தங்கநிறச் சில்லு ஒரே துண்டாகத் தெரிந்தாலும், கோடு கோடாகப் பிரிந்த தனித்தனிக் கட்டங்கள். ஒன்று மின்சாரம் வாங்க, ஒன்று மின்சாரம் திரும்பிப் போக (கிரவுண்ட்), ஒன்று தகவல் போய்வர, ஒன்று கடிகாரத் துடிப்புக்கு, ஒன்று ரீசெட்டுக்கு. இதில் ஒன்று தொடாவிட்டாலும் போன் ‘நோ சிம்’ என்றுதான் சொல்லும். மேலே இருப்பது மிக மெல்லிய தங்கப்பூச்சு. அதன் அடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு. தங்கம் முழுதாக இருக்கும்வரை உப்பு சும்மா மேலே உட்கார்ந்திருக்கும், துடைத்தால் போய்விடும். பூச்சில் கீறல் விழுந்தால் ஈர உப்பு செம்பு வரைக்கும் இறங்கி, வீட்டுச் செம்புப் பாத்திரத்தில் பிடிக்கிற அதே பச்சைக் களிம்பைக் கிளப்பிவிடும்.

அதனால்தான் பிளேடு, உப்புத்தாள், தீக்குச்சி உரசும் பட்டை எதையும் சிம்மிடம் கொண்டுபோகாதீர்கள் என்று வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன். அக்காமடத்து மாமா ஒருவர் பிளேடால் சுரண்டி, வெள்ளிபோல் பளபளவென்று ஆக்கிக் கொண்டுவந்தார். அன்றைக்கு வேலை செய்தது. பத்து நாளில் மொத்தமும் பச்சையாகி, அந்தச் சிம்மை மாற்றவே வேண்டியதாயிற்று.

சுத்தம் செய்யும் முறை இதுதான். உப்பு தண்ணீரில்தான் கரையும், ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. பலரும் நேராக ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, போகவில்லையே என்கிறார்கள். கண்ணாடி துடைக்கிற மாதிரி மெல்லிய துணியில், பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு விட்டு, சிம்மின் சில்லை மெதுவாக இரண்டு தடவை துடையுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நாங்கள் ஐபிஏ என்போம், அதை இன்னொரு துணியில் தொட்டுத் துடையுங்கள். அது ஈரத்தையும் விரல் எண்ணெயையும் கூட்டிக்கொண்டு சீக்கிரம் காய்ந்துவிடும். தட்டையும் இதேபோல் துடைத்து, பத்து நிமிடம் ஃபேன் காற்றில் வையுங்கள். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் இருக்கும் கிளிசரின் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். போனின் துளைக்குள் எந்தத் திரவத்தையும் விடாதீர்கள். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். உள்ளே மணல் தெரிந்தால் போனைத் துளை கீழே பார்க்கப் பிடித்து, முதுகில் மெதுவாகத் தட்டினால் உதிரும்.

சிம்மைத் திரும்ப வைக்கும்போது அதன் வெட்டு மூலையும் தட்டின் வெட்டு மூலையும் ஒன்றாக வர வேண்டும், சிம் தட்டோடு தட்டாகப் படிய வேண்டும். நானோ சிம்மின் அளவு 12.3க்கு 8.8 மில்லிமீட்டர், தடிமன் 0.67. பழைய பெரிய சிம்களின் தடிமன் 0.76. கட்டர் வைத்து வெட்டிச் சின்னதாக்கிய பழைய சிம் இன்னும் நிறையப் பேரிடம் ஓடுகிறது. அகலம் சரியாக இருந்தாலும் அந்தத் தடிமன் வித்தியாசம் தட்டை இறுக்கும், பின்களை அமுக்கும். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் கோளாறு வரும்வரை காத்திருக்காமல் நானோவாக மாற்றிக்கொள்ளுங்கள். சிம் ஆடுகிறது என்று பின்னால் காகிதமோ டேப்போ ஒட்டுவதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

துடைத்தும் வரவில்லை என்றால், குற்றம் யாருடையது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, வீட்டில் இன்னொரு போன் இருந்தால் போதும். உங்கள் சிம்மை அந்தப் போனில் போடுங்கள். அங்கேயும் எடுக்கவில்லை என்றால் சிம்தான் போயிருக்கிறது. அங்கே எடுத்தால் சிம் நல்லது. அடுத்து, அந்தப் போனின் சிம்மை உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். அதுவும் எடுக்கவில்லை என்றால் கோளாறு உங்கள் போனில். இரண்டு சிம் போனாக இருந்தால் இடத்தை மாற்றிப் போட்டும் பாருங்கள். ஒரு இடம் மட்டும் கெட்டிருந்தால், சரிசெய்யும்வரை மற்ற இடத்தில் ஓட்டலாம். கடைக்கு வரும் முன் இதைச் செய்துவிட்டு வருகிறவரிடம் யாரும் தேவையில்லாத வேலைக்குக் காசு வாங்க முடியாது.

போனில்தான் கோளாறு என்று தெரிந்தால், டயலரில் *#06# அடியுங்கள். போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ வர வேண்டும். எண் வராமல் வெறுமையாகவோ சைபர் சைபராகவோ இருந்தால், டவரோடு பேசுகிற பகுதி போர்டிலேயே படுத்திருக்கலாம். சிம்மை எத்தனை தடவை துடைத்தாலும் பயனில்லை. எண் ஒழுங்காக வந்தால், உள்ளே சிம்மைத் தொடும் சாக்கெட்டில் பின் வளைந்திருக்கலாம், அல்லது தட்டு உள்ளே வந்ததைப் போனுக்குச் சொல்லும் சின்ன சுவிட்ச் துருப்பிடித்திருக்கலாம். சாக்கெட் மாற்றுவது கடையில் செய்கிற வேலை. அதற்கு முன் நெட்வொர்க் செட்டிங்ஸை மட்டும் ரீசெட் செய்து பார்க்கலாம். படங்களும் தொடர்புகளும் போகாது, வைஃபை பாஸ்வேர்டுகள் போன்ற இணைப்பு விவரங்கள் மட்டும் மறந்துபோகும். முழு ஃபேக்டரி ரீசெட் பக்கம் போகாதீர்கள். சாக்கெட்டில் இருக்கும் உப்பு அதில் கரையாது, பேரப்பிள்ளை படங்கள்தான் போகும்.

வெளிநாட்டிலிருந்து வந்த போன் தனிக் கதை. கீழக்கரைக்காரர் ஒருவர் மகன் அனுப்பிய ஐபோனோடு வந்தார். "தம்பி, சிம்மு போட எடத்தையே காணோமே" என்றார். உண்மையிலேயே இல்லை. அமெரிக்காவில் விற்கும் ஐபோனுக்கு 2022-இல் வந்த 14 மாடலிலிருந்து சிம் தட்டு கிடையாது. 2025-இல் வந்த 17 மாடலில் வளைகுடா நாடுகளிலும் அப்படியே. போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம்தான் போட முடியும். தட்டு இருந்தும் ‘சிம் நாட் சப்போர்டட்’ என்று வந்தால், அந்த ஊர் நிறுவனத்துக்கே பூட்டிய போனாக இருக்கலாம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் போனால் ‘கேரியர் லாக்’ என்ற வரி இருக்கும். ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ என்று இருந்தால் பூட்டு இல்லை. பூட்டைத் திறக்க வேண்டியது போன் வாங்கிய நாட்டின் நிறுவனம்.

சிம்தான் போய்விட்டது என்று முடிவானால், யார் பெயரில் இருக்கிறதோ அவரே ஆதாரோடு நிறுவனத்தின் கடைக்குப் போக வேண்டும். அதே நம்பரில் மாற்றுச் சிம் கிடைக்கும். படகு முதலாளி பெயரிலோ எப்போதோ ஊரைவிட்டுப் போன உறவினர் பெயரிலோ சிம் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் அழுகிறார்கள். சிம் நன்றாக இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றுச் சிம் போட்டதும் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் நிறுத்தி வைப்பார்கள், ஏமாற்றுக்காரர்கள் ஓடிபியைப் பிடிக்காமல் இருக்க. ஆகவே அன்றைக்கே வங்கி வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். 90 நாள் ஓர் அழைப்போ செய்தியோ டேட்டாவோ இல்லாமல் கிடக்கும் நம்பரை நிறுவனம் முடக்க விதியில் இடம் உண்டு. சவூதியில் இருந்துகொண்டு ஊர் சிம்மை அலமாரியில் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது.

போன் கடலிலேயே விழுந்துவிட்டால் உடனே அணையுங்கள், சார்ஜரில் போடாதீர்கள், அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசி தண்ணீரைக் கொஞ்சம் இழுத்தாலும் உப்பு உள்ளேயே தங்கி, பிறகு காற்றின் ஈரத்தை வாங்கி வாங்கி அரிக்கும். பெட்டியில் தண்ணீர் தாங்கும் என்பதற்கு ஐபி68 என்று போட்டிருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள், அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்தது. சிம்மை மட்டும் வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வேறு போனில் போட்டுக்கொள்ளுங்கள். போனை அன்றைக்கே கடைக்கு அனுப்புங்கள்.

இதனால்தான் கடல் தொழிலுக்குப் போகிற அண்ணன்மார் கேட்டால், இசிம்முக்கு மாற வேண்டாம் என்கிறேன். அதில் தொடும் உலோகம் இல்லை, களிம்பும் பிடிக்காது, அது உண்மை. ஆனால் போன் முழுகினால் நம்பரும் அதோடு சிக்கிக்கொள்ளும், கழற்றி அடுத்த போனில் போட வழியில்லை. பிளாஸ்டிக் சிம்மே இருக்கட்டும். சின்னப்பாலத்து அக்காவிடம், போனைப் பையில் போடும்போது கையைத் துடைத்துவிட்டுப் போடுங்கள், கூடவே காய்ந்த பருத்தித் துணி ஒன்றைச் சுற்றுங்கள், வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஈரக்கையோடு இறுக்கிக் கட்டிய பைதான் அவருடைய சிம்மில் பச்சை பிடிக்க வைத்தது.