பத்து வயதைத் தொடும் பிள்ளையோடு நடப்பது: கிறிஸ்தவப் பெற்றோருக்கான தொடக்க வழிமுறை

ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்புவித்துப் பரிசு வாங்கிய பிள்ளை, பத்து வயதை நெருங்கியதும் குடும்ப ஜெபத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், அதன் விசுவாசம் குளிர்ந்துவிட்டது என்று பெற்றோர் பதறிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உண்மையல்ல. அதுவரை சொன்னதைச் சொல்லிவந்த பிள்ளை, சொன்னதை யோசிக்கத் தொடங்கியிருக்கிறது. இயேசுவுக்குப் பன்னிரண்டு வயதானபோது, பஸ்கா பண்டிகை முடிந்து எருசலேமிலிருந்து திரும்புகையில், அவர் பிரயாணக்காரரின் கூட்டத்தில் இருப்பார் என்று எண்ணிக்கொண்டே யோசேப்பும் மரியாளும் ஒரு நாள் தூரம் வந்துவிட்டதாக லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மூன்று நாளைக்குப் பின்பு தேவாலயத்தில் கண்டபோது, அவர் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் வினாவிக்கொண்டும் இருந்தார். ஆராதனைக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் தவறாமல் வருகிற பிள்ளை கூட்டத்தில்தான் இருக்கிறது என்று நாமும் எண்ணிக்கொள்கிறோம். கீழே உள்ள படிகளை, பிள்ளைக்கு ஒன்பது வயது ஆகும்போதே தொடங்கிவிடுவது நல்லது.

படி 1: முதலில் நீங்கள் இருவரும் பேசுங்கள்

பிள்ளை தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கி, எதைக் கண்டிப்போம், எதை விட்டுவிடுவோம், உடலைப் பற்றி யார் பேசுவது என்பதை முடிவு செய்யுங்கள். அப்பா ஒன்றும் அம்மா ஒன்றும் சொல்கிற வீட்டில் பிள்ளை இருவரிடமும் கேட்பதை நிறுத்திவிடும். தாத்தா, பாட்டி உடன் இருந்தால் அவர்களுக்கும் முடிவைச் சொல்லிவிடுங்கள்.

படி 2: குடும்ப ஜெபத்தின் ஒரு பகுதியைப் பிள்ளையிடம் கொடுங்கள்

வாரத்தில் ஒரு நாள் எந்தக் கீர்த்தனை பாடுவது, எந்தப் பகுதியை வாசிப்பது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். வாசித்து முடித்ததும், "இதில் உனக்குப் புரியாதது எது, பிடிக்காதது எது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். முதல் சில வாரங்கள் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். அந்த மௌனத்தைப் பிரசங்கத்தால் நிரப்பிவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் அந்த மௌனம் ஓர் இரவில் உடைந்தது. பாய் விரித்து உட்கார்ந்து, சங்கீதம் வாசித்து முடித்த நேரத்தில், பத்து வயது மகள் பாயின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டே, "ஆச்சிக்காக தினமும் ஜெபம் பண்ணினோமே, அப்புறம் ஏன் இறந்துபோனாங்க?" என்று கேட்டாள். "ஆண்டவரை அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று நான் அடக்கிவிட்டேன். அவள் வேதப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் அவள் தலை பின்னும்போது, "நேற்று அம்மா சொன்னது தப்பு. எனக்கும் அதற்கு விடை தெரியவில்லை. லாசருவின் கல்லறையில் இயேசுவே அழுதார் என்பது மட்டும் தெரியும்" என்றேன். அதன் பிறகுதான் அவள் ஆச்சியைப் பற்றி மனம்விட்டுப் பேசினாள். விடை தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். பிள்ளைகளைக் கோபப்படுத்தி அவர்கள் திடனற்றுப்போகச் செய்ய வேண்டாம் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியது பிதாக்களைப் பார்த்துத்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 3: உடல் மாறுவதற்கு முன்பே உடலைப் பற்றிப் பேசுங்கள்

பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவமாற்றம் தொடங்குவது இயல்பு. பெண் பிள்ளைக்கு மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வரும் என்பதால், முதல் அடையாளத்தைக் கண்டதுமே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். இரண்டு நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை, பழைய செய்தித்தாள் ஆகியவற்றை ஒரு சிறிய துணிப்பையில் போட்டு, பள்ளிப்பையின் உள்ளறையில் வைத்து, எப்படிப் பயன்படுத்துவது என்று ஒருமுறை பிரித்துக் காட்டுங்கள். மகனிடம் குரல் உடைவதையும், தூக்கத்தில் விந்து வெளியேறுவதையும் அப்பா முன்கூட்டியே சொல்லிவைத்தால், அவன் அதை நோயென்றோ பாவமென்றோ எண்ணி அஞ்சமாட்டான்.

வயதுக்கு வந்த பெண்ணுக்குத் தனிப் பாய், தனித் தட்டு கொடுத்து ஒதுக்கி வைக்கும் வழக்கம் நம் கிறிஸ்தவ வீடுகள் சிலவற்றிலும் இருக்கிறது. இதை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். பன்னிரண்டு வருஷமாய் உதிரப்போக்கால் வருந்திய ஸ்திரீ தம்மைத் தொட்டபோது இயேசு அவளை "மகளே" என்றுதான் அழைத்தார். மாற்கு 5-இன் அதே அதிகாரத்தில், பன்னிரண்டு வயதான யவீருவின் மகளைக் கையைப் பிடித்து எழுப்பி, அவளுக்கு ஆகாரம் கொடுக்கச் சொன்னார். சடங்குக்கு மண்டபம் பிடிப்பதற்கு முன், ஊரைக் கூட்டிச் சொல்வதில் பிள்ளைக்குச் சம்மதமா என்று அவளிடமே கேளுங்கள்.

படி 4: கைபேசிக்கு ஒரே சட்டம்

இன்ஸ்டாகிராம் கணக்குத் தொடங்கவே 13 வயது நிறைந்திருக்க வேண்டும். பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுப் பெற்றோரே கணக்குத் தொடங்கிக் கொடுப்பது பொய்யைக் கற்றுக்கொடுப்பதாகும். இரவு ஒன்பது மணிக்குமேல் எல்லாருடைய கைபேசியும் கூடத்து மேசையில் இருக்கட்டும், உங்களுடையதும்.

படி 5: சபையில் நம்பகமான இன்னொருவர்

எங்களிடம் சொல்ல முடியாததை யாரிடம் சொல்வாய் என்று பிள்ளையைக் கேட்டு, அத்தையோ சித்தப்பாவோ ஞாயிறு பள்ளி ஆசிரியையோ, ஒரு பெயரை அதுவே சொல்லட்டும். அதே பேச்சில் இதையும் சொல்லுங்கள்: போதகராக இருந்தாலும், உறவினராக இருந்தாலும், தொடக்கூடாத இடத்தில் தொட்டாலோ, வீட்டில் சொல்லாதே என்றாலோ, உடனே சொல்ல வேண்டும், நாங்கள் உன்னை நம்புவோம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடம் செய்யவையுங்கள். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.

படி 6: திடப்படுத்தலுக்கு அவசரப்படாதீர்கள்

தன் விசுவாசத்தைத் தானே சபைமுன் அறிக்கையிட்டுத் திருவிருந்தில் பங்குபெறத் தொடங்கும் ஆராதனையே திடப்படுத்தல்; ஒத்த வயதுப் பிள்ளைகளெல்லாம் அதற்கான வகுப்புக்குப் போகிறார்கள் என்பதற்காகப் பெயர் கொடுத்துவிடாமல், திருவிருந்து எடுப்பது தனக்கு என்ன பொருள் தருகிறது என்று பிள்ளை தன் வார்த்தையில் சொல்லும்வரை காத்திருங்கள். அடுத்த வருடம் போகிறேன் என்று அது சொன்னால், சபையில் யார் கேட்டாலும், "அடுத்த வருடம் வருவாள்" என்று நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்.