நான்கு பேருக்கு டிக்கெட் எடுக்கும் முன் ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள்

நான்கு பேருக்கு விமான டிக்கெட் எடுப்பதாக இருந்தால், முதலில் ஒருவருக்கு மட்டும் விலையைத் தேடிப் பாருங்கள். ஒரே வகுப்பு இருக்கைகளையே விமான நிறுவனங்கள் பல கட்டண அடுக்குகளாகப் பிரித்து விற்கின்றன. மலிவான அடுக்கில் இரண்டு இடம்தான் மிச்சம் என்றால், நான்கு பேருக்குத் தேடும்போது பெரும்பாலும் நான்கு பேருக்கும் அடுத்த அடுக்கின் விலையையே காட்டும். இரண்டு இரண்டாகப் பதிவு செய்தால் பாதிப்பேருக்காவது குறைந்த விலை கிடைக்கும். ஒருவருக்கும் நால்வருக்கும் தலைக்கு ஒரே விலை வந்தால், சரி, பிரிக்கவே வேண்டாம்.

சிறு குழந்தைகளைப் பெரியவரோடு ஒரே பதிவில்தான் வைக்க வேண்டும். விமானம் ரத்தானால் தனித்தனிப் பதிவுகளை வெவ்வேறு விமானங்களில் மாற்றிவிடவும் கூடும். ஒவ்வொரு பதிவுக்கும் சேவைக் கட்டணம் பிடிக்கும் தளமென்றால் மிச்சமாகும் பணம் அதிலேயே போய்விடலாம்.