‘நான்’ என்று வந்தால் எழுத்தாளரா? கதை படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

கதையில் ‘நான்’ என்று வந்ததும் அது எழுத்தாளரேதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பேசுவது கதைசொல்லி, அவரும் எழுத்தாளர் படைத்த ஆள்தான். 1981இல் வந்த ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ நாவலைப் பாருங்கள். எழுதியவர் சுந்தர ராமசாமி. கதை சொல்பவன் பாலு என்ற தமிழ் எழுத்தாளன். அவன் கொண்டாடும் மலையாள எழுத்தாளன் ஜே.ஜே. ஆக, மூன்று பேர். ஜே.ஜே. 1960 ஜனவரி 5 அன்று இறந்ததாக எடுத்த எடுப்பிலேயே வருகிறது. அதற்கு முந்தின நாள்தான் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு நிஜமாகவே கார் விபத்தில் இறந்தார். நிஜச் சாவுக்குப் பக்கத்தில் கற்பனைச் சாவை வைத்தால் நமக்கு நம்பத் தோன்றும். இந்த உத்தியைக் கவனிக்காமல் ‘ஜே.ஜே. உண்மையில் யார்?’ என்று துப்பறியக் கிளம்பினால் நாவல் கைநழுவிவிடும். பாலுவின் வியப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று யோசிப்பது அதைவிடச் சுவாரசியம்.

அப்புறம், கதையைப் பற்றி எழுதும்போது கதைச்சுருக்கத்தையே கதையின் கரு என்று எழுதிவிடுவது. புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதையில் அம்மாளுவின் புருஷன், ஜட்கா என்ற குதிரை வண்டி ஓட்டுபவன், அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால் கஞ்சி வார்க்கக் காசில்லாமல் அம்மாளு ஒருவனோடு சந்துக்குள் போகிறாள். இது சம்பவம். சரி, ‘வறுமை’தான் கரு என்று எழுதலாமா? அதுவும் போதாது. பட்டினி கிடக்கிற வீட்டைக் கற்பை வைத்து எடைபோட யாருக்கு என்ன தகுதி என்று கதை கேட்கிறது. கரு அங்கே இருக்கிறது.

அதே கதையின் தலைப்பைக் காட்டி ‘முரண்நகை உள்ளது’ (சொல் ஒன்று, நிலைமை அதற்கு நேரெதிர்) என்று எழுதிவிட்டு நகர்ந்தால் அது பாதிப் பதில். அழுக்குச் சந்துக்குப் பொன்னகரம் என்று பெயர் வைத்தது யாரைக் குத்துவதற்கு? அம்மாளுவை அல்ல, கற்பைப் பற்றி வாய்கிழியப் பேசும் வாசகரை. உத்தியின் பெயரோடு அது செய்கிற வேலையையும் சொல்ல வேண்டும்.

மழை பெய்தால் குறியீடு, காக்கை கரைந்தால் குறியீடு என்று எழுதுவது ஒரு தொத்துவியாதி. கதை அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறதா, முக்கியமான இடத்தில் நிறுத்துகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மழை வெறும் மழைதான்.

பாத்திரம் பழசை நினைத்ததும் ‘நனவோடை’ என்று எழுதுவதும் உண்டு. முன்பு நடந்ததை ஒழுங்காக எடுத்துச் சொன்னால் அது பின்னோக்கு உத்தி. மனம் தாவுகிற மாதிரியே மொழியும் தாவி, பாதியில் அறுந்து, வேறெங்கோ ஒட்டிக்கொண்டு ஓடினால்தான் நனவோடை. நனவோடைக்குப் பேர்போன லா.ச.ரா. (லா.ச. ராமாமிர்தம்) எழுத்தைக் கொஞ்சம் வாய்விட்டுப் படித்தால் வித்தியாசம் பிடிபட்டுவிடும்.