ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றப் போகிறீர்களா? எந்த நட்டை எப்போது தொடக்கூடாது

ஷாக் அப்சார்பர் மாற்றும் வேலையில் பெரிய நுட்பம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. முன்பக்க ஸ்ட்ரட்டுக்கு (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) கொஞ்சம் கூடுதல் நட்டு போல்ட், பின்பக்க ஷாக்குக்குப் பெரும்பாலும் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் யாரும் செய்யலாம். வேலை கெடுவது வரிசையில்தான். கழற்றக் கூடாத நேரத்தில் ஒரு நட்டைக் கழற்றுவார்கள், இறுக்கக் கூடாத நேரத்தில் இன்னொன்றை இறுக்குவார்கள். முதலாவது கையையோ முகத்தையோ பதம் பார்க்கும். இரண்டாவது, சில மாதங்களிலேயே புது ஷாக்கிலிருந்து சத்தத்தை வரவழைக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் ஸ்விஃப்ட், ஐ20 மாதிரியான வண்டிகளுக்கு: முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட், பின்னால் டார்ஷன் பீமும் (பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) தனி ஷாக்கும். பழைய இன்னோவாவின் முன்பக்க அமைப்பே வேறு, அதற்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறு ஒன்று உண்டு. கரடுமுரடான சாலையில் முன்பக்கம் ‘கட கட’ என்றதும் ஷாக் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவது. அந்தச் சத்தம் பல வண்டிகளில் லிங்க் ராடிலிருந்துதான் வரும். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரையும் ஸ்ட்ரட்டையும் இணைக்கும் சின்னக் கம்பி அது. அதன் பந்து மூட்டு தேய்ந்தால் மெதுவாகப் போகும்போதுகூடக் கடகடக்கும். விலையும் ஸ்ட்ரட்டோடு ஒப்பிட்டால் அற்பம். வீலைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ் (ரப்பர் உறை), பால் ஜாயிண்ட் இரண்டும் இதே சந்தேகப் பட்டியலில் வர வேண்டியவை. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டொங்’ என்று ஸ்பிரிங் துள்ளுகிற சத்தம் கேட்டால், ஸ்ட்ரட்டின் உச்சியை வண்டியின் பாடியோடு இணைக்கும் மேல் மவுண்டையும் அதன் பேரிங்கையும் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் அதற்கும் ஷாக்கைக் குறை சொல்ல முடியாது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங், அதன் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை.

பானெட்டை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் சோதனை முழுக்கச் செத்துப்போன ஷாக்கை மட்டுமே காட்டிக் கொடுக்கும். பாதி தேய்ந்தது அதில் சுலபமாகத் தேறிவிடும். ஷாக்கின் உடம்பில் வழிந்து தூசி அப்பிய ஆயில், டயரில் கை வைத்துத் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும் தேய்மானம், பிரேக் அடித்தால் மூக்கு குத்துவது, பாலத்து இணைப்புகளைத் தாண்டிய பிறகும் வண்டி அலை மாதிரி ஆடிக்கொண்டே போவது, இவைதான் நம்பத் தகுந்த அறிகுறிகள். லேசான ஈரப்பசை மட்டும் இருந்தால் அதைக் கசிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சரி, ஷாக்தான் என்று உறுதியாகிவிட்டது. உடனே ஒரே ஒரு ஷாக்கை மட்டும் வாங்கி வராதீர்கள். இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் 80,000 கி.மீ. ஓடியது என்றால் பள்ளத்தில் இறங்கும்போதும் பிரேக் அடிக்கும்போதும் இரண்டும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். முன்பக்க ஸ்ட்ரட்டில் இடது, வலது என்று தனித்தனிப் பாகங்கள் உண்டு. பெட்டியில் உள்ள குறியைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் கவர் நான்கையும் அதே கையோடு வாங்கிவிடுவது நல்லது. பழைய மவுண்டையே போட்டுக்கொள்ளலாம் என்று மிச்சம் பிடிப்பவர்கள் ஆறு மாதத்தில் மறுபடி அதே ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். செல்ஃப் லாக்கிங் நட்டுகளும் ஒரு முறைக்குத்தான்.

வண்டியைத் தூக்குவதில் இரக்கமே காட்டக் கூடாத விதி ஒன்று இருக்கிறது: வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகக் கூடாது. ஹாலோ பிளாக், செங்கல் அடுக்கு எல்லாம் அதைவிட மோசம். சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு, கெட்டியான சமதளத் தரை, பின்சக்கரங்களுக்கு முட்டு. இது இல்லாவிட்டால் வேலையைத் தொடங்க வேண்டாம். முன்பக்கம் இரண்டு வீலையும் தூக்கிவிடுவதே உத்தமம், ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கி நின்று லிங்க் ராடு வெளியே வர அடம்பிடிக்கும்.

ஸ்ட்ரட்டின் அடிப்பாகத்தை நக்கிளோடு (வீல் ஹப்பைத் தாங்கும் உலோகப் பாகம்) பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளைக் கழற்றும் முன், அவை உட்கார்ந்திருக்கும் நிலையை ஒரு மார்க்கரால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் போல்ட்டுகளில் சில, கழுத்தில் வரிவரியாகப் பல் வைத்தவை. அப்படியானால் போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும். போல்ட்டைத் திருப்பினால் நக்கிளின் துளை கெடும். கடலோர ஊர் வண்டி என்றால் முந்தின நாள் இரவே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். சுத்தியலால் தட்டித்தான் வரும் என்றால், நட்டைப் போல்ட்டின் நுனி வரை திருப்பி வைத்துவிட்டு அதன் மேல் தட்டுங்கள். மரை நசுங்காது.

போல்ட் வெளியே வந்ததும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். பலர் அதை அப்படியே தொங்கவிட்டுவிட்டு ஸ்ட்ரட்டைக் கவனிக்கப் போய்விடுகிறார்கள். அந்த எடை முழுவதையும் பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் தாங்கும், கூடவே டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட் இழுபட்டுக் கழன்று வரலாம். ஒரு துண்டுக் கட்டுக் கம்பியால் நக்கிளை மேலே இழுத்துக் கட்டினால் போதும். ஹோஸ் கிளிப்பையும் ஒயர் கிளிப்பையும் ஸ்ட்ரட்டிலிருந்து முதலிலேயே கழற்றியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் மறக்கிறார்கள்.

இப்போது உயிர் சம்பந்தப்பட்ட இடம். பானெட்டைத் திறந்து பார்த்தால் பல கார்களில் மேல் மவுண்டைச் சுற்றி இரண்டு மூன்று சிறிய நட்டுகள், நடுவில் ஒரு பெரிய நட்டு. ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து விடுவிப்பது சுற்றியுள்ள நட்டுகள். நடு நட்டு, அமுங்கிய ஸ்பிரிங்கை உள்ளே பிடித்து வைத்திருப்பது. சிறிய காராக இருந்தாலும் முன்பக்க ஸ்பிரிங் ஒவ்வொன்றும் வண்டியின் மொத்த எடையில் கால் பங்குக்குக் குறையாமல் சுமக்கிறது. வீல் அந்தரத்தில் தொங்கும்போதுகூட அதன் அழுத்தத்தில் கணிசமான பகுதி உள்ளேயே இருக்கும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கைக் கொக்கி போட்டு அமுக்கிப் பிடிக்கும் கருவி) மாட்டாமல் நடு நட்டைக் கழற்றினால் மவுண்டும் ஸ்பிரிங்கும் துப்பாக்கிக் குண்டாகப் பாயும். சில மாடல்களில் நட்டுகளின் அமைப்பு வேறு மாதிரி இருக்கும் என்பதால், எது எதைப் பிடித்திருக்கிறது என்று உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்க்காமல் மேலே கை வைக்க வேண்டாம்.

கம்ப்ரஸரிலும் தவறு செய்ய நிறைய இடம் இருக்கிறது. இரண்டு கொக்கிகளும் நேரெதிரே இருக்க வேண்டும், அடுத்தடுத்து இருந்தால் ஸ்பிரிங் வாழைக்காய் மாதிரி வளைந்து கொக்கி நழுவும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிக் கையால்தான் இறுக்க வேண்டும். இம்பாக்ட் கன் கூடாது. மரையில் கிரீஸ் தடவியிருக்க வேண்டும். ஸ்ட்ரட்டில் தான் உட்கார்ந்திருக்கும் தட்டிலிருந்து (ஸ்பிரிங் இருக்கை) ஸ்பிரிங் விடுபட்டுக் கையால் லேசாகத் திரும்பியதும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். ஸ்பிரிங்கின் இரண்டு முனைக்கும் நேராக உங்கள் முகமோ வேறு யாருடைய முகமோ இருக்கக் கூடாது.

என்னைக் கேட்டால், தரமான கம்ப்ரஸர் கையில் இல்லாதவர் இந்த ஒரு கட்டத்தை வீட்டில் செய்யவே கூடாது. கழற்றிய இரண்டு ஸ்ட்ரட்டையும் புதுச் சாமான்களோடு ஒரு பட்டறைக்கு எடுத்துப்போனால், சுவரில் பதித்த கம்ப்ரஸரில் வைத்துச் சீக்கிரமே மாற்றித் தந்துவிடுவார்கள். மீதி வேலை முழுக்க உங்களுடையதே. இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நடு நட்டைத் திருப்பும்போது ஷாக்குக்குள் ஏறி இறங்கும் நடுக் கம்பியும் சேர்ந்து சுழலும். அதை பிளையராலோ வைஸ் கிரிப்பாலோ பிடிப்பவர்கள் அந்த நிமிடமே புது ஷாக்கைக் கெடுத்துவிடுகிறார்கள். பளபளப்பான கம்பியில் விழும் ஒரு கீறல், ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் ஆயில் சீலை அறுக்கும். கம்பியின் உச்சியில் அலென் கீ நுழைய இடமோ, தட்டையாகச் சீவிய பகுதியோ இருக்கும். அங்கே பிடித்து, ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும்.

படுக்க வைத்தே கடைக்கு வந்து சேர்ந்த ஷாக்கின் உள்ளே காற்றுக் குமிழ் மாட்டியிருக்கலாம். ட்வின் டியூப் (குழாய்க்குள் குழாய்) வகையை நிமிர்த்தி வைத்து நான்கைந்து முறை முழுதாக இழுத்து அமுக்கிவிட்டுப் பொருத்துங்கள், பெட்டியில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதன்படி. ஸ்பிரிங்கின் அடி முனை, கீழ் இருக்கையில் அதற்கென்று இருக்கும் படியில் சரியாக முட்டி நிற்கிறதா என்று பார்த்த பிறகே கம்ப்ரஸரைத் தளர்த்த வேண்டும்.

பின்பக்கத்தில் ஆபத்து குறைவு, அலட்சியம் அதிகம். இரண்டு ஷாக்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பீம் கீழே இறங்கி ஸ்பிரிங் கழன்று விழும், பிரேக் ஹோஸ் இழுபடும். பீமுக்கு அடியில் ஒரு ஜாக்கி கொடுத்து, ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அப்புறம் மறுபக்கம். கீழ் போல்ட்டை வீல் தொங்கும் நிலையில் இறுக்குவதுதான் ரொம்பப் பேர் செய்யும் தப்பு. அந்தப் புஷ்ஷின் ரப்பர், இறுக்கிய நிலையையே தன் இயல்பு நிலையாக எடுத்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் அது நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழியும். ஜாக்கியால் பீமை உயர்த்தி, வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்து அப்புறம் டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளவோடு காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். லோயர் ஆர்ம் புஷ்ஷைத் தளர்த்தியிருந்தால் அதற்கும் இதே கதைதான். எவ்வளவு இறுக்குவது என்பது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவல் சொல்வதுதான் கணக்கு.

முன்பக்க ஸ்ட்ரட்டைத் தொட்டுவிட்டால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். போட்டு வைத்த கோடு, பட்டறை வரை வண்டியை ஓட்டிப் போகத்தான் உதவும். அங்கே டோவை (மேலிருந்து பார்த்தால் வீல் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்துவிட்டு அனுப்பப் பார்ப்பார்கள், கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் வீல் சாய்ந்திருக்கும் அளவு) அளவையும் கேட்டு வாங்குங்கள். சிறிய கார்கள் பலவற்றில் கேம்பருக்கென்று தனி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. ஆனால் நக்கிள் போல்ட்டுகளின் துளையில் இருக்கும் சின்ன இடைவெளியே, நீங்கள் எந்தப் பக்கம் தள்ளிப் பிடித்து இறுக்கினீர்கள் என்பதைப் பொறுத்துக் கேம்பரை மாற்றிவிடும். இரண்டு பக்க அளவுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரிந்தால், அந்த இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, நக்கிளைச் சரியான பக்கம் தள்ளிப் பிடித்து இறுக்கிவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.