ரிடக்‌ஷன் எழுதாமல் ஊருக்குப் போகாதீர்கள்: ஹாஸ்டலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஹாஸ்டல் ஆபீஸ் வாசலில் ஒரு முதலாண்டுப் பையன் மெஸ் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "அண்ணா, பன்னெண்டு நாள் ஊர்ல இருந்தேன். இங்க ஒரு வாய் சோறு சாப்பிடல. முழு மாசத்துக்கும் போட்டிருக்காங்க" என்றான். ரிடக்‌ஷன் எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டேன். "அப்படின்னா என்னண்ணா?" என்றான்.

நானும் இதே கேள்வியைக் கேட்டவன்தான். இத்தனை நாள் மெஸ்ஸில் சாப்பிட மாட்டேன், பில்லில் அந்த நாட்களைக் கழியுங்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதுதான் ரிடக்‌ஷன். இளநிலை நான்கு, முதுநிலை இரண்டு, இப்போது ஆய்வு மாணவனாக மூன்றாவது வருடம். ஆக ஒன்பது வருடமாக அரசுப் பொறியியல் கல்லூரி ஹாஸ்டல் சோறு. நடுவில் ஒரு வருடம் மெஸ் செக்ரட்டரி வேலையும் பார்த்தேன். பூட்டு நல்லதாக வாங்கு, பர்ஸைக் கட்டிலில் போடாதே என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லி அனுப்பியிருப்பார். அதற்குள் நான் போகவில்லை.

சொல்லாமல் ஊருக்குப் போவது

முதலில் டிவைடிங் சிஸ்டம் புரிய வேண்டும். மாதம் முழுக்க வாங்கிய அரிசி, காய்கறி, பால், கேஸ் எல்லாவற்றையும் கூட்டி, மாணவர்கள் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுப்பார்கள். 300 பேர், 30 நாள் என்றால் 9,000 நாள். செலவு 9 லட்சம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 100 ரூபாய். உங்கள் பெயருக்கு எத்தனை நாளோ அத்தனை நூறு. இதில் 'சாப்பிட்ட நாள்' என்பது நீங்கள் தட்டைத் தூக்கிய நாள் இல்லை, ரிடக்‌ஷன் எழுதிக் கொடுக்காத நாள். நீங்கள் திருநெல்வேலியில் அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இங்கே உங்களுக்கும் சேர்த்து உலை வைத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

எனக்கு முதலாண்டில் அம்மை போட்டது. 22 நாள் வீட்டில் கிடந்தேன். ரூம்மேட்டிடம் போனில் சொன்னேன், "நான் பார்த்துக்கிறேன் மச்சி" என்றான். எழுதவும் செய்தான், பாவம். எழுதிய தாளை கிராஃபிக்ஸ் நோட்டுக்குள் செருகி வைத்துவிட்டு மறந்துவிட்டான். முழு பில் வந்தது, கட்ட முடியவில்லை, பாக்கியாக ஏறியது. செமஸ்டர் சமயத்தில் பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட் கிடையாது என்றார்கள். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் மாமாவிடம் கடன் வாங்கினேன். அந்த மாமா இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் அதை ஞாபகப்படுத்தாமல் விடுவதில்லை.

"மெடிக்கல் சர்டிபிகேட் இருக்கு சார், இப்ப கழிச்சுடுங்க" என்று அப்போது ஆபீஸில் சண்டை போட்டேன். செக்ரட்டரி ஆன பிறகுதான் அவர்கள் ஏன் கழிக்கவில்லை என்று தெரிந்தது. பொருள் வாங்கி, சமைத்து, கொட்டியும் ஆகிவிட்டது. அந்தச் செலவு எங்கேயும் போகாது. என் 22 நாளைப் பின்னால் கழித்தால் அது மற்றவர்கள் தலையில் விழும். அதே முன்கூட்டியே சொல்லியிருந்தால் மாஸ்டர் உலையில் அரிசியைக் குறைத்திருப்பார். ஒரு பொங்கல் லீவில் பாதிப் பேர் சொல்லாமல் கிளம்பிப்போய், இரண்டு அண்டா சாம்பார் அப்படியே பன்றிக்காரர் வண்டியில் ஏறியதை நின்று பார்த்தேன். வயிறு எரிந்தது. அத்தனையும் ஊரில் இருந்தவர்களே காசு கொடுத்த சாம்பார்.

எழுதிக் கொடுப்பவர்களும் ஒரு இடத்தில் ஏமாறுகிறார்கள். புதன் ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, திங்கள் காலை டிபனுக்கு வந்து நிற்பார்கள். விரல் விட்டு எண்ணினால் ஆறு நாள். மெஸ் கணக்கில் வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கே நாள், ஏனென்றால் ஒரு வேளை சாப்பிட்டாலும் அது முழு நாள். உங்கள் ஹாஸ்டலில் தொடர்ந்து ஐந்து நாள் சாப்பிடாமல் இருந்தால்தான் ரிடக்‌ஷன் என்று விதி இருந்தால் (இது இடத்துக்கு இடம் மாறும், சேர்ந்த அன்றே கேட்டுவிடுங்கள்) ஒரு ரூபாய்கூடக் குறையாது. அன்றைக்கு இட்லியை விட்டுவிட்டு, திங்கட்கிழமை முழுக்க வெளியே சாப்பிட்டு, செவ்வாயிலிருந்து கணக்கை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஒரு இட்லி ஐந்து நாள் பணத்தை விழுங்கியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தாளை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். மெஸ் நம்பர், கிளம்பும் தேதி, திரும்பும் தேதி போட்டு, சூப்பர்வைசர் கையெழுத்தோடு போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம், ரிடக்‌ஷன் கிடைத்தாலும் பில் பூஜ்யம் ஆகாது. சமையல்காரர் சம்பளத்தை எஸ்டாப்ளிஷ்மென்ட் என்று தனியாகப் போடும் ஹாஸ்டல்களில் அது அப்படியேதான் வரும். அதற்காகவும் போய்ச் சண்டை போடாதீர்கள்.

அந்தப் பையன் முழுப் பணத்தையும் கட்டிவிட்டான். வேறு வழி இல்லை.

எக்ஸ்ட்ரா நோட்டு

வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் வாங்குவதை உங்கள் மெஸ் நம்பரில் எழுதும் நோட்டு இது. வாரா வாரம் பாருங்கள். என் நம்பரில் ஒரு புண்ணியவான் ஒரே மாதத்தில் பதினொரு ஆம்லெட் சாப்பிட்டிருக்கிறான்.

ஹீட்டர் ராடு

ஷாக் அடிக்கும் என்பது தெரிந்த கதை, அதை விடுங்கள். ரூமில் இருக்கும் சின்ன பிளக் பாயின்ட் பெரும்பாலும் 6 ஆம்பியர். 1,500 வாட் ராடு 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். ஒரு ராடுக்கே அது தாங்காது. இதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று பேர் லேப்டாப்பும் தொங்கும். பிளாஸ்டிக் உருகும் வாசனை வந்தபோது நான் பாத்ரூமில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். வார்டன் ராடைப் பறித்ததோடு விட்டார். வெந்நீர் வேண்டுமென்றால் மெஸ் பின்கட்டில் மாஸ்டரிடம் கேளுங்கள், தருவார்.

சீனியர் விட்டுப்போன மெத்தை

சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். மூட்டைப்பூச்சி தையலுக்குள் இருக்கும். மருந்து அடித்தால் பூச்சி சாகும், முட்டை பெரும்பாலும் தப்பிவிடும், ஒன்றிரண்டு வாரத்தில் பொரிந்து மறுபடி ஆரம்பிக்கும். அதனால் ஒரு தடவை அடித்துவிட்டு நிம்மதியாகப் படுக்க முடியாது. நான் ஒரு செமஸ்டர் முழுக்க மொட்டை மாடியில் தூங்கினேன்.

ரூம் சாவி வாங்கும் நாள்

ஃபேன் ரெகுலேட்டர், ஜன்னல் கண்ணாடி, கட்டில் கால் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். நான்கு வருடம் கழித்து, பாக்கி எதுவும் இல்லை என்று நோ டியூஸ் வாங்கும்போது, உங்களுக்கு முந்தியவன் உடைத்த கண்ணாடிக்கு சேரும்போது நீங்கள் கட்டிய காஷன் டெபாசிட்டில் கை வைப்பார்கள்.

ராகிங்கைப் பொறுத்துப்போவது

வேண்டாம். தமிழ்நாட்டில் 1997 முதல் இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது, இரண்டு வருடம் வரை சிறை. பெயர் சொல்லப் பயமாக இருந்தால் ராகிங் தடுப்பு ஹெல்ப்லைனுக்குப் போன் போடுங்கள்: 1800-180-5522.

பக்கெட்

பெயின்டால் பெயர் எழுதுங்கள். மார்க்கர் நாலு குளியலில் போய்விடும்.