தூக்க மாத்திரையிலிருந்து மெல்ல வெளியே வந்தது

படுத்தால் கண் மூடும், மனசு ஓடிக்கொண்டே இருக்கும். டாக்டர் சோல்பிடெம் என்கிற தூக்க மாத்திரையை எழுதித் தந்தார், கொஞ்ச காலத்துக்கு மட்டும் என்று அழுத்திச் சொல்லி. தூக்கம் வந்தது, காலையில் தலை கனத்தது. உண்மையில் கைகொடுத்தது சிபிடி-ஐ (CBT-I) என்கிற, தூக்கமின்மைக்கான சிந்தனை-நடத்தை சிகிச்சைதான். இரவு எப்படிப் போனாலும் காலை 6 மணிக்கு எழ வேண்டும். தூக்கம் வராவிட்டால் கட்டிலை விட்டு இறங்கி, மங்கலான வெளிச்சத்தில் துணி மடிப்பேன். கண் சொக்கினால்தான் மறுபடி படுக்கை. படுக்கையில் இருக்கும் மொத்த நேரத்தையே குறைக்கச் சொன்னபோது எரிச்சல்தான் வந்தது. (ஆரம்பத்தில் பகலெல்லாம் சொக்கும், வண்டி ஓட்டாதீர்கள்.) கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், மதியத்தோடு காபியை நிறுத்தினேன். மாத்திரையை டாக்டர் படிப்படியாகக் குறைத்தார். சட்டென்று விட்டால் தூக்கமின்மை முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். இப்போதும் சில இரவுகள் சொதப்பும். அன்றும் அலாரம் 6 மணிக்குத்தான்.